பசங்கள வெளிய கேம்ப் கூட்டிட்டு போற வாலன்டியர்களுக்கு ட்ரெயினிங் எப்படி குடுக்குறது? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

கொருக்குப்பேட்டை_டியூஷன்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க கொருக்குப்பேட்டைல ஆறு வருஷமா ஒரு சாயங்கால டியூஷன் நடத்திட்டு வர்றோம். 34 பசங்க, 10 வயசுல இருந்து 15 வரைக்கும், பொண்ணுங்க பசங்க ரெண்டும். நெறைய பேரு வீட்ல அப்பா ஹார்பர் லோடு வேல இல்லனா மார்க்கெட், அம்மா வீட்டு வேல. இந்த புள்ளைங்க ஸ்கூலு, டியூஷன், தெரு, இத விட்டா வேற எடம் பாத்ததே கெடயாது, அதனால வருஷத்துக்கு ரெண்டு தடவயாவது வெளிய கூட்டிட்டு போவோம்.

போன ஜனவரில பழவேற்காடு போனோம், பூநாரை பாக்க. ரெண்டு வேன், பெரியவங்க மட்டும் எட்டு பேரு. மத்தியானம் சாப்ட்டு முடிச்சதுக்கு அப்புறம் ஒரு பையன காணோம், 11 வயசு. எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஓடுனோம், தண்ணி பக்கம் போறதுக்கே எனக்கு காலு வரல. 25 நிமிஷம் கழிச்சு பாத்தா வலை பின்னிட்டு இருந்த ஒரு தாத்தா பக்கத்துல உக்காந்து அவரு கை போறத பாத்துட்டே இருக்கான், நாங்க தேடுறதே அவனுக்கு தெரியாது. ஒண்ணும் ஆகல, ஆனா அந்த 25 நிமிஷம் இன்னும் எனக்கு தூக்கத்துல வருது. அப்புறம் கேட்டா ஒவ்வொருத்தரும் சொன்னது ஒரே பதில்தான், "நான் அவரு பாத்துக்குறாருன்னு நெனச்சேன் மிஸ்".

இப்ப பசங்க ராத்திரி தங்குற மாதிரி ரெண்டு நாள் கேம்ப் வேணும்னு கேக்குறாங்க. லீவு இருக்கறதால மே மாசம் வைக்கலாமான்னு யோசிக்கிறேன். எனக்கு பயம் பசங்கள பத்தி இல்ல, எங்கள பத்தி. வாலன்டியர்ங்க யாருக்கும் சம்பளம் கெடயாது, ஒரு ஹார்பர் அண்ணன், ஒரு ஆட்டோ அண்ணன், ரெண்டு அம்மாங்க, மூணு காலேஜ் பசங்க, அப்புறம் நானு. ஞாயித்துக்கெழம ஒரு நாள்தான் லீவு, அத விட்டு குடுத்து வர்றவங்க. அவங்கள உக்கார வெச்சு "உங்களுக்கு தெரியல, கத்துக்கோங்க"ன்னு எப்படி சொல்றது, மனசு கஷ்டப்படாம?

இன்னொண்ணு, எங்ககிட்ட படிச்சு முடிச்ச நாலு பேரு, 16, 17 வயசு, சின்ன பசங்களுக்கு லீடரா வர்றேன்னு சொல்றாங்க. ஆசையா வர்றாங்க, ஆனா அதுல ஒருத்தன் சொல்பேச்சு கேக்கலன்னு ஒரு பொடியன 50 தோப்புக்கரணம் போட வெச்சுட்டான். இவங்களுக்கு என்ன சொல்லிக் குடுக்கணும், எந்த அளவுக்கு பொறுப்பு குடுக்கலாம்? தெரிஞ்சவங்க வெவரமா சொன்னா புண்ணியமா போகும்.

---

பெரம்பூர்_சாரணர்:

வணக்கம்மா. நான் பெரம்பூர் பக்கம் 31 வருஷம் ஸ்கவுட் மாஸ்டரா இருந்தவன், இப்ப ரிட்டயர்டு. உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், அந்த பையன் காணாம போனது உங்க ஆளுங்களுக்கு அக்கற இல்லாததால இல்ல. எட்டு பேரும் சேந்து 34 பேர பாத்தீங்க, அதுதான் விஷயம். எல்லாரும் எல்லாரையும் பாத்தா யாரும் யாரையும் பாக்கல.

34 பேர அஞ்சு பட்ரோலா பிரிங்க, ஆறு ஏழு பேரு ஒரு பட்ரோல். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பெரியவங்க. உங்க லீடர் பசங்க நாலு பேரு நாலு பட்ரோலுக்கு, அஞ்சாவதுக்கு உள்ள இருக்குற 15 வயசு புள்ள ஒண்ண லீடரா போட்டு கூட அனுபவமான ஒரு பெரியவங்கள விடுங்க. அந்த பெரியவங்களுக்கு 34 பேரு தெரியணும்னு அவசியமே இல்ல, அந்த ஏழு பேரு முகம், பேரு, செருப்பு கலரு, அன்னைக்கு போட்டுருக்குற சட்ட, இது தெரிஞ்சா போதும். தல எண்றது வேன்ல ஏறும்போது மட்டும் இல்லம்மா. எறங்கும்போது, சாப்பாட்டுக்கு முன்ன, பின்ன, பாத்ரூம் போயிட்டு வந்தா, எடம் மாறுனா, அரமணிக்கு ஒரு தடவ. லீடர் பையன் தனியா எண்ணணும், பெரியவரு தனியா எண்ணணும், ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்காம. ரெண்டு நம்பரும் உங்ககிட்ட வரணும். ஒத்து வரலன்னா எல்லாம் அப்படியே நிக்கணும், சாப்பாடு ஆறுனாலும் பரவால்ல.

இந்த பட்ரோல் முறை இன்னைக்கு நேத்து வந்தது இல்ல. 1907 ஆகஸ்ட்ல ஸ்கவுட் இயக்கத்த ஆரம்பிச்ச பேடன் பவல் இங்கிலாந்துல பிரவுன்சி தீவுல முதல் கேம்ப் போட்டாரு, சுமார் 20 பசங்க. அதுல பாதி பணக்கார பள்ளிக்கூடத்து பசங்க, பாதி தொழிலாளி வீட்டு பசங்க, வேணும்னே கலந்து விட்டாரு. நாலு பட்ரோல், ஒவ்வொண்ணுக்கும் பையன்லயே ஒரு லீடர். அவரு அத பத்தி புத்தகம் போட்டதுக்கு அப்புறம் ஊரெல்லாம் ஸ்கவுட் ட்ரூப்பு மொளச்சுது, ஆனா நடத்துற பெரியவங்களுக்கு ஒண்ணும் தெரியல, உங்க நெலமதான். அதுக்காக 1919ல கில்வெல் பார்க்ல பெரியவங்களுக்கு முதல் பயிற்சி வெச்சாங்க. அதுல என்ன பண்ணாங்க தெரியுமா, அந்த பெரியவங்களையே பட்ரோலா பிரிச்சு டென்ட் போட வெச்சு, அடுப்பு மூட்ட வெச்சு, பசங்க மாதிரியே வாழ வெச்சாங்க. இன்னைக்கும் ஸ்கவுட் நடத்துற பெரியவங்களுக்கு குடுக்குற உட் பேட்ஜ் பயிற்சின்னா அதுதான். நம்ம நாட்ல பாரத் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ் 1950 நவம்பர் 7ல ஆரம்பிச்சது, அங்கயும் பெரியவங்களுக்கு பேசிக், அட்வான்ஸ்டு, அப்புறம் ஹிமாலயா உட் பேட்ஜ்னு படிப்படியா உண்டு, தேசிய பயிற்சி மையம் மத்திய பிரதேசத்துல பச்மரில இருக்கு. முடிஞ்சா மாவட்ட சங்கத்துல பேசி பேசிக் கோர்ஸுக்கு ரெண்டு பேர அனுப்புங்க. முடியலன்னாலும் அந்த வழிய நீங்களே பண்ணலாம்.

ஆளுங்க மனசு கஷ்டப்படுமான்னு கேட்டீங்களே, அதுக்கு மருந்தே இதுதான். கிளாஸ் எடுக்காதீங்க. "பசங்கள கூட்டிட்டு போறதுக்கு முன்ன நம்ம ஒரு ராத்திரி போய் பாக்கலாம்"னு சொல்லுங்க. பெரியவங்க எட்டு பேரும், லீடர் பசங்க நாலு பேரும் மட்டும். காடு மலையெல்லாம் வேணாம், உங்க டியூஷன் மொட்ட மாடியே போதும். அவங்களே சமைக்கணும், அவங்களே படுக்க எடம் பிரிக்கணும், ராத்திரி யாரு எப்ப முழிக்கிறதுன்னு அவங்களே முறை போடணும். கொசு கடிச்சு, டார்ச்சுல பேட்டரி இல்லாம, சாம்பார்ல உப்பு மறந்து, காலைல ஆறு மணிக்கு எல்லாரும் அவங்களா சொல்லுவாங்க என்னென்ன தெரியலன்னு. நீங்க ஒரு வார்த்த சொல்ல வேண்டியது இருக்காது.

இப்ப ரொம்ப முக்கியமானது. என் அனுபவத்துல பெரியவங்களுக்கு கத்துக்குடுக்க கஷ்டமான பாடம் முடிச்சு போடுறதோ முதலுதவியோ இல்ல, கைய வெச்சுக்கிட்டு சும்மா நிக்கிறதுதான். ஒரு கேம்ப்ல 12 வயசு பசங்க சோறு வடிச்சிட்டு இருந்தாங்க, அடி புடிக்க ஆரம்பிச்சுது, கூட இருந்த ஒரு நல்ல மனுஷன் பொறுக்க மாட்டாம கரண்டிய புடுங்கி தானே கிண்டி எறக்கி வெச்சுட்டாரு. சோறு தப்பிச்சுது. ஆனா அந்த பட்ரோல் அதுக்கப்புறம் மூணு நாளும் அடுப்பு பக்கம் வரவே இல்ல, சார் பண்ணுவாருன்னு விளையாட போயிட்டாங்க. அதனால கேம்புக்கு முன்ன ஒரு சார்ட்ல கோடு போட்டு ரெண்டு பக்கமா எழுதுங்க. ஒரு பக்கம் பசங்களோடது, என்ன சமைக்கிறது, யாரு பாத்திரம் கழுவுறது, எங்க படுக்குறது, ராத்திரி என்ன பாட்டு, சண்ட வந்தா மொதல்ல யாரு பேசுறது. இதுல பெரியவங்க கைய பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கணும், சோறு தீஞ்சாலும் சரி, அத தின்னு கத்துக்கட்டும். இன்னொரு பக்கம் பெரியவங்களோடது, தண்ணி, நெருப்பு, ரோடு, மருந்து, ராத்திரி, எண்ணிக்க. இதுல பசங்க கெஞ்சுனாலும் விட்டு குடுக்கக் கூடாது. நம்ம ஆளுங்க பெரும்பாலும் இத தலகீழா பண்றாங்க, சோத்துக்கு ஓடி வருவாங்க, தண்ணி பக்கம் பசங்க போனா போன் பாத்துட்டு நிப்பாங்க.

காடுன்னு போனா மட்டும் வனத்துறை அனுமதி இல்லாம காலு வைக்காதீங்கம்மா. 2018 மார்ச்ல தேனி குரங்கணில காட்டுத்தீல மாட்டி 20 பேருக்கு மேல போனாங்க, அதுல நம்ம சென்னைல இருந்து போனவங்களும் உண்டு. இப்ப 2024ல இருந்து அரசாங்கமே ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 பாதை திறந்து வழிகாட்டியோட அனுப்புறாங்க. ஆனா உங்களுக்கு மொத கேம்ப் அது வேணாம்.

---

வியாசை_கோல்கீப்பர்:

அக்கா வணக்கம், எனக்கு 19 வயசு, வியாசர்பாடில ஃபுட்பால் ஆடுறேன், 15 வயசுல இருந்து கேம்ப்ல லீடரா இருந்துருக்கேன், அதனால அந்த நாலு பேரு பக்கத்துல இருந்து நான் பேசுறேன்.

சார் சொன்னது எல்லாம் கரெக்ட்டு, ஆனா ஒரு எடத்துல மட்டும் நான் ஒத்துக்கல சார், மன்னிச்சிடுங்க. லீடர் பசங்க எண்ணி சொல்லலாம், ஆனா அவங்க எண்ணிக்கைய நம்பி பெரியவங்க உக்காந்துடக் கூடாது. எனக்கு 16 வயசுல ஒரு கேம்ப்ல ஒம்போது பொண்ணுங்கள குடுத்து "நீதான் பொறுப்பு"ன்னு சொல்லிட்டு பெரியவங்க வேற ரூம்ல போய் படுத்துட்டாங்க. ராத்திரி ஒரு மணிக்கு ஒரு குட்டிக்கு ஜுரம் நெருப்பா கொதிக்குது. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. பெரியவங்கள எழுப்பலாம், ஆனா எழுப்புனா "இத கூட பாத்துக்க தெரியலயா"ன்னு கேப்பாங்களோன்னு பயந்து விடியுற வரைக்கும் ஈரத்துணி வெச்சு வெச்சு எடுத்தேன். அழுதுட்டேதான் எடுத்தேன். அந்த குட்டிக்கு நல்லாயிடுச்சு, ஆனா ஆகாம போயிருந்தா?

அதனால அக்கா, லீடர் பசங்களுக்கு மொத பாடமா இத சொல்லுங்க, எதெதுக்கு எழுப்பணும்னு. ஜுரம், வாந்தி, அழுகை நிக்கல, யாரோ வெளி ஆளு வந்தாங்க, ஒருத்தர காணோம், யாராவது அடிச்சாங்க, யாராவது தொட்டாங்க. எழுப்புனா திட்ட மாட்டோம்னு பெரியவங்க எல்லாரும் அவங்க முன்னாடி வாய் விட்டு சொல்லணும். சொன்னா மட்டும் பத்தாது, மாடில அந்த ஒரு ராத்திரி தங்கும்போது நடு ராத்திரில ஒரு லீடர விட்டு ஹார்பர் அண்ணன எழுப்ப சொல்லி பாருங்க. அவரு எந்திரிச்சு என்ன மூஞ்சி காட்டுறாருன்றதுலதான் எல்லாம் இருக்கு.

தோப்புக்கரணம் போட வெச்ச பையன பத்தி, அவன கெட்டவன்னு நெனைக்காதீங்க. அவனுக்கு ஸ்கூல்ல என்ன பண்ணாங்களோ அதத்தான் அவன் பண்ணான், வேற வழி அவனுக்கு யாரும் காட்டல. "அடிக்காத, தண்டன குடுக்காத"ன்னு மட்டும் சொன்னா கை ரெண்டையும் கட்டி போட்ட மாதிரி ஆயிடும், அதுக்கு பதிலா என்ன பண்ணலாம்னு குடுக்கணும். எனக்கு சொல்லிக் குடுத்த கோச் அக்கா நடிச்சே காட்டுனாங்க. அவங்க சொல்பேச்சு கேக்காத புள்ளையா நடிச்சாங்க, நான் லீடர். நான் கத்துனேன், அவங்க இன்னும் ஜாஸ்தி கத்துனாங்க. அப்புறம் சொன்னாங்க, கூட்டத்துக்கு நடுவுல பேசாத, நாலடி தள்ளி கூப்புடு, ஆனா எல்லாரு கண்ணுக்கும் தெரியுற எடத்துலயே நில்லு, முட்டி போட்டு அவன் உயரத்துக்கு வா, "என்னாச்சு"ன்னு கேளு, பதில் வர வரைக்கும் இரு, அப்புறம் அவன் கைல ஒரு வேல குடு. வீட்டு நெனப்புல அழுற புள்ள, பாய நனச்சிட்டு வெக்கத்துல எந்திரிக்காத புள்ள, சாப்பாட்ட தூக்கி எறியுற புள்ள, எல்லாத்தையும் நடிச்சு பாத்தோம். பாய நனச்ச புள்ளைக்கு என்ன பண்ணணும்னு தெரியுமா, மத்தவங்க எந்திரிக்கறதுக்கு முன்ன சத்தமில்லாம ஒரு பெரிய அக்காவும் லீடரும் சேந்து பாய மாத்தி குடுக்கணும், அவ்ளோதான், அத பத்தி அப்புறம் ஒரு பேச்சு கூடாது. அந்த ஒரு நாள் ட்ரெயினிங் எனக்கு மத்த எல்லாத்தையும் விட உதவுச்சு.

எதையாவது சொல்லிக் குடுக்க லீடருங்களுக்கு ஒரு வழி இருக்கு, அமெரிக்கால ஸ்கவுட்ல நாலு படியா வெச்சிருக்காங்க. சொல்லு, செஞ்சு காட்டு, கூட நின்னு செய்ய வை, அப்புறம் விட்டுடு. என் அனுபவத்துல எல்லாரும் மொத ரெண்டோட நிறுத்திடுவாங்க. கயிறு முடிச்சு சொல்லிக் குடுத்தா பொடியன் கைல கயிறே இருக்காது, லீடர் கைலதான் இருக்கும். ஆளுக்கு ஒரு மீட்டர் கயிறு வெட்டி குடுத்துடுங்க அக்கா, தேங்கா நாரு கயிறு வேணாம், கை கிழியும், நைலான் இல்லனா காட்டன்.

---

காசிமேடு_கடக்கர:

யக்கா, நான் காசிமேட்டு ஆளு, கடல் தொழில். தண்ணி மேட்டர்னா நான் சொல்றேன், கேட்டுக்கங்க.

பழவேற்காட்ல 25 நிமிஷம் புள்ளைய காணோம்னு படிச்சதும் எனக்கு வயிறு கலங்கிருச்சு. அந்த ஏரில 2011 கிறிஸ்மஸ் அன்னைக்கு படகு கவுந்து 20 பேருக்கு மேல செத்தாங்க, எல்லாம் சுத்தி பாக்க வந்த சனம். அதனால புள்ளைங்கள படகுல ஏத்தாதீங்க யக்கா, எவன் கூப்ட்டாலும் சரி, கரைல இருந்தே பறவைய பாத்துட்டு வாங்க. அப்டி ஏத்தியே ஆவணும்னா ஒவ்வொரு புள்ளைக்கும் அதும் சைசுக்கு லைப் ஜாக்கெட்டு இருக்கணும், பெரியவங்க ஜாக்கெட்டு புள்ளைக்கு போட்டா தண்ணில அது தனியா மேல வந்துரும், புள்ள கீழ போயிரும்.

நம்ம பக்கம் காசிமேட்ல இருந்து திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் கரை பூரா கல்லு கொட்டி தூண்டில் வளைவு போட்டு வெச்சிக்கிறாங்க. பாக்க தண்ணி அமைதியா இருக்கற மாரி தெரியும், அந்த கல்லு ஓரமாதான் உள்ள இழுக்கும். வன்னி, தெண்டின்னு நாங்க சொல்ற நீரோட்டம் நாளுக்கு நாள் மாறும், நேத்து குளிச்ச எடம்னு இன்னைக்கு எறங்க முடியாது. எங்களுக்கே கரைல நின்னு கொஞ்ச நேரம் பாத்தாதான் தெரியும். உங்க வாலன்டியரு யாரும் "எனக்கு நீச்சல் தெரியும்"னு சொல்லிக்கினு புள்ளைங்கள எறக்க கூடாது. கிணத்து நீச்சல் வேற, கடல் வேற.

ட்ரெயினிங்னா இது ஒண்ணு பண்ணுங்க. ஒரு அஞ்சு லிட்டர் கேன காலி பண்ணி கால்வாசி தண்ணி ஊத்தி மூடிய இறுக்கி, கேன் கழுத்துல 15 மீட்டர் கயிறு கட்டுங்க. அந்த கொஞ்சம் தண்ணி எதுக்குன்னா காத்துல பறக்காம நேரா போய் விழணும். மைதானத்துல ஒரு ஆள 10 மீட்டர் தள்ளி நிக்க வெச்சு வீசி பழகுங்க, அவரு தலைக்கு மேல தாண்டி போய் விழணும், அப்பதான் கயிறு அவரு கைக்கு மாட்டும். மாட்டுனதும் நீ தரைல படுத்துக்கினு இழு, நின்னுக்கினு இழுத்தா நீயும் உள்ள போவ. மொதல்ல கையோ கம்போ புடவையோ நீட்டு, எட்டலன்னா கேன வீசு, அப்பவும் முடியலன்னா கத்தி ஆள கூப்புடு. குதிக்காத. ஒருத்தன காப்பாத்த போயி மூணு பேரு போனத நான் கண்ணால பாத்துருக்கேன் யக்கா, அதுக்கு மேல எழுத முடியல.

கொசஸ்தலை ஆத்துல எறக்காதீங்க, அத தனியா சொல்றேன். 2023 டிசம்பர்ல புயல் மழையோட எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் பூரா கறுத்து கெடந்துச்சு, சாம்பலு வேற. புள்ளைங்களுக்கு கரைல நின்னு காட்டுங்க, எறா புடிக்கிறவங்கள பேச வைங்க, அது நல்ல பாடம், காலு மட்டும் நனைக்க வேணாம்.

---

ராயபுரம்_நர்ஸ்:

டியூஷன் மிஸ், நான் அரசு ஆஸ்பத்திரில ஸ்டாஃப் நர்ஸ். மொதல்ல, மே மாசம் வேண்டவே வேண்டாம்மா. கத்திரி வெயில்ல 34 பசங்கள வெட்ட வெளில வெச்சிக்கிட்டு நீங்க எதையும் சொல்லிக் குடுக்க முடியாது, தண்ணி குடிக்க வெக்கறதுலயே நாள் போயிடும். அக்டோபர்ல இருந்து டிசம்பர் மழ. பொங்கலுக்கு அப்புறம் ஜனவரி கடைசி, பிப்ரவரி வைங்க. அதுவரைக்கும் ட்ரெயினிங்குக்கும் டைம் கெடைக்கும்.

வெயில் சமாச்சாரம் உங்க வாலன்டியர் ஒவ்வொருத்தருக்கும் தெரியணும். தல சுத்துது, நல்லா வேர்க்குது, வாந்தி வர மாதிரி இருக்குன்னா நிழல்ல படுக்க வெச்சு ஓஆர்எஸ் குடுங்க, ஒரு பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணிக்கு, பாதி தண்ணில கலக்காதீங்க. பாக்கெட் இல்லன்னா ஒரு லிட்டருக்கு தலதட்டுன டீஸ்பூன்ல ஆறு சக்கர, அர ஸ்பூன் உப்பு. ஆனா புள்ள சம்பந்தமில்லாம பேசுது, மயங்குது, ஒடம்பு கொதிக்குதுன்னா அது வேற. வாய்ல எதுவும் ஊத்தாதீங்க, 108 போடுங்க, வண்டி வர்ற வரைக்கும் ஒடம்பு பூரா தண்ணி ஊத்தி விசிறுங்க, கழுத்து அக்குள் தொட இடுக்குல ஈரத்துணி.

பாம்பு கடிச்சா கயிறு கட்டுறது, கீறுறது, வாய் வெச்சு உறிஞ்சுறது மூணும் கூடாது. இது மூணையும் சினிமாவ பாத்து எல்லாரும் பண்றாங்க, கட்டு போட்டு கறுத்து போன கால நான் பாத்துருக்கேன். கடிச்ச கையோ காலோ அசையாம கட்டைய வெச்சு லூசா கட்டி, நடக்க விடாம தூக்கிட்டு போய் ஆஸ்பத்திரில சேருங்க. நம்ம ஊர்ல நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்ட விரியன் இந்த நாலுதான் அதிகமா உயிர எடுக்குது, நாலுக்கும் ஒரே மருந்துதான், அதனால பாம்ப தேடி அடிச்சு எடுத்துட்டு வர்ற வேலையெல்லாம் வேணாம். கேம்ப் எடம் முடிவு பண்ணும்போதே பாம்புக்கடி மருந்து இருக்குற பக்கத்து ஆஸ்பத்திரி எது, எவ்ளோ நேரம்னு நேர்ல வண்டில போய் பாத்துட்டு வரணும். இத யாரும் பண்றதில்ல.

சிபிஆர், அதாவது மூச்சும் இதயமும் நின்னவங்களுக்கு நெஞ்ச அமுக்கி மூச்சு குடுக்கறது, படிச்சு வராது, பொம்ம வெச்சு அமுக்கி பழகணும். நிமிஷத்துக்கு 100ல இருந்து 120, 30 அமுக்கு ரெண்டு மூச்சு. தண்ணில மூழ்குன புள்ளைக்கு மட்டும் மூச்சுல இருந்து ஆரம்பிக்கணும், அதுக்கு காத்துதான் கொறஞ்சு போயிருக்கு.

இப்ப பெரியவங்களுக்கு சங்கடமான விஷயம், ஆனா இத விட்டுட்டு எந்த ட்ரெயினிங்கும் ட்ரெயினிங் இல்ல. எந்த பெரியவரும் எந்த புள்ளையோடயும் தனியா, மூடுன எடத்துல, யாரு கண்ணுக்கும் தெரியாம இருக்கவே கூடாது. எப்பவும் ரெண்டு பெரியவங்க. பொண்ணுங்க தங்குற எடத்துல ரெண்டு பொம்பள வாலன்டியர். பெரியவங்க குளிக்கிற நேரம் வேற, பசங்க குளிக்கிற நேரம் வேற. கேம்ப் முடிஞ்சதும் வாலன்டியர் புள்ளைங்களோட தனியா போன்ல மெசேஜ் பண்றது கூடாது, குரூப்ல மட்டும். ஒரு புள்ள வந்து "அவரு இப்படி பண்ணாரு"ன்னு சொன்னா துருவி துருவி கேக்காதீங்க, "சொன்னது நல்லது, உன் மேல தப்பு இல்ல"ன்னு சொல்லுங்க, "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணாதீங்க. 2012 போக்சோ சட்டப்படி, அதாவது புள்ளைங்கள பாலியல் கொடுமைல இருந்து காப்பாத்துற சட்டப்படி, தெரிஞ்சவங்க போலீஸ்ல சொல்லியே ஆகணும், மறச்சா அதுக்கே தண்டன உண்டு. குழந்தைங்க உதவி நம்பர் 1098, இந்த நம்பர் பசங்களுக்கே மனப்பாடமா இருக்கணும்.

வீட்ல இருந்து ஒரு பேப்பர் எழுதி வாங்குங்க. வீசிங் இருக்கா, வலிப்பு இருக்கா, எதுக்கு அலர்ஜி, என்ன மாத்திர, ராத்திரி பாய நனைக்குமா, யாருக்கு போன் பண்ணணும். அம்மாங்க சிலபேரு வலிப்ப மறைப்பாங்க, எங்க கூட்டிட்டு போகாம விட்டுடுவீங்களோன்னு. அதனால பேப்பர் அனுப்பாதீங்க, வீட்டுக்கே போய் உக்காந்து கேளுங்க. பொண்ணுங்களுக்கு நாப்கின் ஒரு பையில, கேக்காமயே எடுத்துக்கற எடத்துல வைங்க.

---

தண்டயார்பேட்டை_வேன்:

சுருக்கமா சொல்றேன், ட்ரைவர் அண்ணனையும் ட்ரெயினிங்ல சேருங்க. அவருதான் நாள் பூரா வண்டி பக்கத்துல நிக்கிறாரு, எந்த புள்ள எந்த பக்கம் போச்சுன்னு அவருக்குதான் தெரியும், ஆனா அவர யாரும் கேக்க மாட்டாங்க. சீட்டுக்கு மேல ஒரு தல கூட ஏத்தாதீங்க. ராத்திரி ஓட்டி திரும்பாதீங்க, ரெண்டு நாள் அலஞ்ச ட்ரைவருக்கு தூக்கம் வரும்.

---

கொருக்குப்பேட்டை_டியூஷன்:

எல்லாருக்கும் கை எடுத்து கும்புடுறேன். மே மாசம் கேன்சல், பிப்ரவரின்னு முடிவு பண்ணிட்டோம். கேம்புக்கு முன்ன நாலு ஞாயித்துக்கெழம ட்ரெயினிங், ஒரு ராத்திரி மாடி.

நர்ஸ் அக்கா, சாரண ஐயா, ஒரு சந்தேகம். இந்த ரெண்டு பெரியவங்க ரூல சொன்னதும் எங்க ஹார்பர் அண்ணன் மொகம் சுண்டி போச்சு. அவரு ஆறு வருஷமா இந்த புள்ளைங்கள தூக்கி வளத்தவரு. "என் மேலயே சந்தேகமா மிஸ்"னு கேட்டாரு, எனக்கு பதில் வரல.

---

பெரம்பூர்_சாரணர்:

அவருகிட்ட தனியா பேசாதீங்கம்மா, எல்லாரையும் வெச்சு பேசுங்க, மொதல்ல உங்கள வெச்சு ஆரம்பிங்க. "இந்த ரூலு மொதல்ல எனக்கு. நான் எந்த புள்ளையோடயும் தனியா ரூம்ல இருந்தா நீங்க யாரு வேணா வந்து மிஸ் வெளிய வாங்கன்னு சொல்லணும்"னு. நான் 31 வருஷம் இப்படித்தான் இருந்தேன், என்ன சந்தேகப்பட்டு யாரும் இத வைக்கல. ரெண்டு பேரு இருந்தா நாளைக்கு ஒரு வீண்பழி வந்தாலும் அந்த அண்ணனுக்கு சாட்சி இருக்கும், ஒருத்தரு மயங்கி விழுந்தா புள்ளைங்கள பாக்க இன்னொருத்தர் இருப்பாரு. இதையும் சொல்லுங்க. அதுக்கு அப்புறமும் ஒருத்தர் ஒத்துக்க மாட்டேன்னா, எவ்ளோ நல்லவரா இருந்தாலும் அவரு கேம்புக்கு வர வேணாம். சமையலுக்கு காய் வாங்கி குடுக்கட்டும்.

---

கொருக்குப்பேட்டை_டியூஷன்:

நேத்து ராத்திரி மாடி முடிஞ்சுது. தூங்காம எழுதுறேன், தப்பு இருந்தா மன்னிக்கணும்.

12 பேரும் வந்தாங்க. நீங்க சொன்ன மாதிரியே நான் சும்மா இருந்தேன், கரண்டி பக்கம் போகல, ரொம்ப கஷ்டமா இருந்துச்சு ஐயா. சாப்ட்டு முடிச்சு எல்லாரும் பேசிட்டு இருக்கும்போது காலேஜ் பையன் ஒருத்தன்கிட்ட மட்டும் முன்னாடியே சொல்லி வெச்சு சத்தமில்லாம கீழ எறக்கி விட்டேன். பெரியவங்க, லீடருங்க எல்லாரும் அங்கதான் இருக்காங்க. அவன் இல்லன்னு கண்டுபிடிக்க 11 நிமிஷம் ஆச்சு. 12 பேருல ஒருத்தர், 11 நிமிஷம். யாரும் பேசல. ஹார்பர் அண்ணன்தான் மொதல்ல வாய தொறந்தாரு, "பழவேற்காட்ல 34 பேரு இருந்தாங்க மிஸ்"னு. அப்புறம் அவரே எல்லாரையும் ரெண்டா பிரிச்சு எண்ண விட்டாரு. ரெண்டாவது தடவ வேற ஒருத்தர எறக்கி விட்டேன், ரெண்டு நிமிஷத்துக்குள்ள கேட்டுட்டாங்க.

ரூல பத்தி ஐயா சொன்ன மாதிரி எல்லாரையும் வெச்சு, என்ன வெச்சு சொன்னேன். அண்ணன் கொஞ்ச நேரம் கீழ பாத்துட்டு இருந்தாரு, அப்புறம் சார்ட்ல பெரியவங்க பக்கம் தன் கையெழுத்துல அவரே எழுதுனாரு.

கோல்கீப்பர் தங்கச்சி, நடு ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த தோப்புக்கரண பையன விட்டுத்தான் அண்ணன எழுப்ப சொன்னேன். ரெண்டு தடவ படிக்கட்டு வரைக்கும் போயிட்டு திரும்பி வந்துட்டான். மூணாவது தடவ தோள தொட்டான். அண்ணன் எந்திரிச்சு லுங்கிய கட்டிட்டு "யாருக்கு என்னாச்சு, வா போலாம்"னு கெளம்பிட்டாரு, அவ்ளோதான் கேட்டாரு. பையன் என்ன திரும்பி பாத்தான்.

அடுத்த ஞாயிறு மைதானத்துல கேன் வீசுறது. காசிமேட்டு தம்பி, கயிறு என்ன மொத்தம் வாங்கணும், வலை கட்டுற கயிறு ஆகுமா?

---

காசிமேடு_கடக்கர:

வலைக்கயிறு வேணாம் யக்கா, மெல்லிசு, கைய அறுக்கும். சுண்டுவிரல் மொத்தம், தண்ணில மெதக்குற கயிறுன்னு கேளுங்க, ஹார்பர் வாசல்ல எந்த கடைலயும் குடுப்பாங்க. ஞாயித்துக்கெழம எத்தன மணிக்குன்னு சொல்லுங்க, நானே வந்து வீசி காட்டுறேன்.